மூன்று வாரமாக என் தண்ணீரில் எண்ணெய்

எங்கள் அப்பாவுக்குக் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில்லில் வேலை. கொப்பரைக் களத்துக்கும் எக்ஸ்பெல்லருக்கும் நடுவே முப்பது வருஷம் நடந்தவர். சட்டையை எத்தனை தரம் அலசினாலும் காலரில் வாசம் போகாது. மகள் ஜெர்மனியில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "தண்ணியோட மேல்தோலைப் பாக்குதுங்க" என்று முடித்துவிடுவார். அதைவிடச் சுருக்கமாக என் கைடுகூடச் சொன்னதில்லை.

போன வாரம் போனில் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "ஏங்கண்ணு, எண்ணெய் தண்ணி மேல மெதக்கும்னு கண்டுபுடிக்கறதுக்கா அத்தனை தொலவு போன?"

ஆமாம் என்பதுதான் நேர்மையான பதில். அதற்கும் மூன்று வாரம் பிடித்தது.

என் லேசர் மேஜையில் ஒரு டெஃப்லான் தட்டு. அதில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். மூலக்கூறுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினதாக நினைத்துக்கொண்டால், அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ 3 கோடி அடுக்குகள். எனக்கு வேண்டியது மேலே கிடக்கும் ஒன்றிரண்டு அடுக்கு மட்டும். சாதாரணமாக அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரம் எடுத்தால் 3 கோடி அடுக்கும் சேர்ந்து கத்தும். மேலே இருப்பவன் முனகுவது எங்கே கேட்கப்போகிறது?

அதனால் இரண்டு லேசர் துடிப்புகளை ஒரே இடத்தில், ஒரே கணத்தில் தண்ணீர் மேல் விழவைக்கிறோம். ஒன்று 800 நானோமீட்டர், மற்றது அகச்சிவப்பு. இரண்டும் சரியாகச் சந்தித்தால் பரப்பிலிருந்து மூன்றாவதாக ஒரு ஒளி கிளம்பும். அதன் அதிர்வெண் முதல் இரண்டின் கூட்டுத்தொகை. பாடப்புத்தகத் தமிழில் கூட்டு அதிர்வெண் உருவாக்கம், லேபில் எல்லோர் வாயிலும் எஸ்.எஃப்.ஜி. 800 நானோமீட்டரும் 2.7 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பும் சேர்ந்தால் 617 நானோமீட்டரில் ஆரஞ்சு கலந்த சிவப்பு வரும். ஆனால் கண்ணால் பார்க்கிற அளவுக்கு வராது. குளிரூட்டிய கேமராவில் ஐந்து நிமிஷம் சேர்த்து வைத்தால் ஒரு கோடு தேறும்.

சரி, இந்த மூன்றாவது ஒளி ஏன் மேல்தோலில் மட்டும் பிறக்கிறது, அடியில் கிடக்கிற 3 கோடியும் ஏன் வாயை மூடிக்கொள்கிறது? இந்தத் துறைக்கு நான் வந்ததே இந்தக் கேள்வியின் பதில் பிடித்துப்போனதால்தான்.

ஒளியின் மின்புலம் ஒரு மூலக்கூறைப் பிடித்து ஆட்டுகிறது. ஆட்டுகிற விசைக்கு ஏற்றபடி மூலக்கூறு ஆடும். அது எல்லோருக்கும் தெரிந்த ஒளியியல். லேசர் போல அடி பலமாக விழுந்தால் விசையின் வர்க்கத்துக்கு ஏற்ற ஆட்டமும் கொஞ்சம் கலந்து வரும். கூட்டு அதிர்வெண் அந்த வர்க்கத்தில்தான் பிறக்கிறது. இப்போது தண்ணீரின் நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கே மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. இடது வலது, மேல் கீழ் என்று பேதமே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மின்புலத்தைத் திருப்பிப் போட்டால் ஆட்டமும் திரும்ப வேண்டும். ஆனால் வர்க்கம் திரும்பாது. மைனஸ் மூன்றின் வர்க்கமும் ஒன்பது, மூன்றின் வர்க்கமும் ஒன்பது. திரும்பியும் ஆகவேண்டும், திரும்பவும் கூடாது என்றால் அந்த எண் சுழியமாக இருந்தால்தான் உண்டு. ஆக நடுவிலிருந்து ஒன்றும் வராது. பரப்பில் அப்படியில்லை. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. சமச்சீர் உடைகிறது, வாய் திறக்கிறது.

இதை எங்கள் ஊரில் சொல்வதானால் எட்டு மணிக்குத் திருப்பூர் போகும் பஸ்ஸை எடுத்துக்கொள்வேன். உள்ளே நிற்பவருக்கு நாலாப்பக்கமும் ஆள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரே நெருக்கல். படியில் தொங்குகிறவனுக்கு மட்டும்தான் ஒரு கை உள்ளே, ஒரு கால் வெளியே. தண்ணீரின் பரப்பிலும் ஏறத்தாழ நாலில் ஒரு மூலக்கூறு அப்படித்தான். இரண்டு ஓ-எச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) கைகளில் ஒன்று கீழே பக்கத்து மூலக்கூறோடு ஹைட்ரஜன் பிணைப்பில் கோத்திருக்கும். மற்றது காற்றில் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் லேபிலும் அதற்குத் தொங்கும் ஓ-எச் என்றுதான் பெயர். யாரும் பிடித்து இழுக்காததால் அது 3700 என்ற அலைஎண்ணில் (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை என்கிற கணக்கு) தனியாக, ஊசி மாதிரி அதிரும். பிணைப்பில் மாட்டிக்கொண்டவை 3100 முதல் 3600 வரை மேடு மாதிரி பரவிக் கிடக்கும். 3700 இல் ஊசி தெரிந்தால் சுத்தமான தண்ணீர்ப் பரப்பு. இது என் அன்றாடம், காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இந்த ஊசியை முதன்முதலில் பார்த்தது 1993 இல், பெர்க்லியில் ஒய்.ஆர். ஷென்னின் குழு. அதே குழு 1987 இலேயே பரப்பில் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளின் அதிர்வை இந்த வழியில் படித்துக் காட்டியிருந்தது. ஷென்னுக்கு ஆசிரியர் புளோம்பெர்கன். இரண்டு ஊடகங்களின் எல்லையில் இப்படி ஒளி எப்படிப் பிறக்கும் என்று 1962 இலேயே பெர்ஷனோடு சேர்ந்து கணக்குப் போட்டு வைத்தவர், 1981 இல் நோபல் வாங்கியவர். நம்மூர்ச் சம்பந்தமும் ஒன்று உண்டு. ஓர் அதிர்வு எஸ்.எஃப்.ஜி.யில் தெரிய வேண்டுமானால் அது அகச்சிவப்பிலும் தெரிய வேண்டும், ராமன் சிதறலிலும் (மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளி நிறம் மாறுவது) தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கோடு கிடையாது. 1928 இல் கல்கத்தாவில் திருச்சிக்காரர் பார்த்தது என் ஸ்பெக்ட்ரத்தின் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பாதியாக உட்கார்ந்திருக்கிறது.

இதற்கெல்லாம் ஆரம்பம் 1961. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்கனும் கூட்டாளிகளும் ரூபி லேசரின் 694 நானோமீட்டர் சிவப்பைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் விட்டார்கள். மறுபக்கம் நிழற்படத் தகட்டில் 347 நானோமீட்டரில், சரி பாதி அலைநீளத்தில், ஒரு சின்னப் புள்ளி விழுந்தது. கட்டுரை அச்சான இதழில் அந்தப் படத்தைப் பார்த்தால் அம்புக்குறி இருக்கும், அது காட்டுகிற இடத்தில் புள்ளி இருக்காது. அச்சுக்குப் போகும் வழியில் யாரோ அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். ஒரு கண்டுபிடிப்பை அழுக்கு என்று நினைத்தார்கள்.

எனக்கு நடந்தது நேர் எதிர்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது சோடியம் அயோடைடு கரைத்த தண்ணீர். உப்பின் அயனிகள் பரப்பை விட்டு உள்ளேதான் ஓடும் என்பது பழைய பாடம். 2000 வாக்கில் வந்த கணினிக் கணக்குகள் அயோடைடு மாதிரிப் பெரிய அயனிகள் மேலே வந்து உட்காரும் என்றன. அதிலிருந்து இது சூடான விஷயம். நான் உப்புத் தண்ணீரை ஊற்றி, தட்டைச் சுற்றியிருக்கும் பெட்டியை மூடி, நாற்பது நிமிஷம் தொடர்ந்து அளந்தால் 3700 ஊசி கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகியது. நாற்பது நிமிஷத்தில் பாதி. மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும்.

தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்குவதால் ஒளிக்கதிர் விலகுகிறதோ என்று முதலில் நினைத்தேன். மட்டத்தை அளக்கிற சென்சார் இருக்கிறது, தட்டைத் தூக்கிச் சரிசெய்தேன். குறைவது நிற்கவில்லை. சரி, அயனிகள் மெதுவாக மேலே வந்து, தொங்குகிறவர்களை இறக்கிவிடுகின்றன என்று ஒரு கதை கட்டினேன். மூலக்கூறு அளவில் எந்த நகர்வும் நாற்பது நிமிஷம் எடுக்காது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஆசை யாரை விட்டது? குரூப் மீட்டிங்கில் எட்டு ஸ்லைடு போட்டுக் காட்டினேன். ஒன்றில் "வயதாகும் பரப்பு" என்று தலைப்பு வேறு. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

சுத்தமான தண்ணீரோடு ஒப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். தினமும் காலையில் ஒப்பிட்டேன், ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷம்தான் என்னை ஏமாற்றியது. அளவுகோலாக வைத்ததை ஐந்து நிமிஷமும், ஆராய வந்ததை நாற்பது நிமிஷமும் பார்த்தால் வித்தியாசம் வராமல் என்ன செய்யும்?

மீட்டிங் முடிந்து காபி மெஷின் பக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த போஸ்ட்டாக் ஒருவர் மெல்லக் கேட்டார்: "2900 பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. எங்கள் அகச்சிவப்புத் துடிப்பின் அகலம் கொஞ்சம்தான். 3700 க்குச் சரிசெய்து வைத்தால் 2900 தெரியாது. அங்கே போக வேண்டுமானால் படிகத்தைத் திருப்பி, கண்ணாடிகளைத் தொட்டு, இரண்டு துடிப்புகளும் மறுபடி சந்திக்கிற இடத்தைத் தேடி என்று அரை நாள் போய்விடும். அந்த அரை நாளுக்குச் சோம்பல்பட்டுத்தான் மூன்று வாரம் தொலைத்தேன்.

2900 சுற்றுவட்டாரம் சி-எச் (கார்பன்-ஹைட்ரஜன்) பிணைப்புகளின் பேட்டை. கொழுப்பு, சோப்பு, மெழுகு, விரல் ரேகை, கையுறைப் பிசுக்கு, எதுவானாலும் அங்கே வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். திருப்பினேன். பெட்டியை மூடி இருபது நிமிஷத்தில் 2850, 2875, 2940 என்று மூன்று கோடுகள், பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி. 2875 உம் 2940 உம் கார்பன் சங்கிலியின் நுனியில் இருக்கும் சி-எச்3. 2850 நடுவில் வரும் சி-எச்2. உப்பே போடாத தண்ணீரிலும் அதே மூன்று.

இந்த மூன்றையும் வைத்தே வந்த ஆள் எப்படி நிற்கிறான் என்றும் சொல்லலாம். சங்கிலி நிமிர்ந்து விறைப்பாக நின்றால் பக்கத்துப் பக்கத்து சி-எச்2 கள் எதிரெதிராகப் பார்த்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், 2850 மறைந்துபோகும். மேலே சொன்ன அதே சமச்சீர் விதி, ஒரு சங்கிலிக்குள்ளேயே. என் தண்ணீரில் 2850 நன்றாகத் தெரிந்தது. அப்படியானால் வந்தவன் நிமிர்ந்து நிற்கவில்லை, கோணல்மாணலாகக் கிடக்கிறான். நெருக்கமாக நிற்கிற சோப்பு இல்லை, சிதறிக் கிடக்கிற ஏதோ எண்ணெய். என் அழுக்கைப் பற்றி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொண்டதில் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த பாடு. தட்டை மறுபடி கழுவினேன். உப்பை மாற்றினேன். எத்தனால் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பீச்சுப் புட்டியைத் தூக்கிப் போட்டுக் கண்ணாடிக்கு மாறினேன். பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் பிசுக்கு இந்தத் துறையில் பேர்போன வில்லன். தலையில் எண்ணெய் வைப்பதைக்கூட ஒரு வாரம் நிறுத்தினேன், அம்மாவிடம் சொல்லவில்லை.

இந்தத் தேடலின் நடுவில்தான் பொக்கெல்ஸ் அக்காவும் தம்பியும் என் மேஜைக்கு வந்தார்கள்.

எங்கள் லேசர் ஆம்ப்ளிஃபயருக்குள் பொக்கெல்ஸ் செல் என்று ஒன்று. சில ஆயிரம் வோல்ட் போட்டால் படிகத்தின் ஒளியியல் குணம் மாறும். துடிப்பு உள்ளே நுழைவதும் வெளியேறுவதும் அதன் கையில். நொடிக்கு ஆயிரம் தடவை வேலை செய்வதால் மெல்லிய கீச்சுச் சத்தம் ஒன்று வந்துகொண்டே இருக்கும். லேபில் கொஞ்ச நாள் இருந்தால் காது அதை மறந்துவிடும். நின்றுபோனால்தான் திக்கென்று இருக்கும். அந்த விளைவை ஆராய்ந்து சொன்னவர் ஃபிரீட்ரிஷ் பொக்கெல்ஸ். மையச் சமச்சீர் இல்லாத படிகத்தில்தான் அது நடக்கும். என் தண்ணீர்ப் பரப்புக்கு உள்ள அதே நிபந்தனை.

அவருடைய அக்கா ஆக்னஸ். 1862 இல் பிறந்தவர், பிரவுன்ஷ்வைக் நகரத்தில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கவில்லை. தம்பி கட்டிங்கனில் இயற்பியல் படித்தார். அக்கா நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் பாத்திரம் கழுவினார். தம்பி அனுப்பிய புத்தகங்களைப் படித்தார். கழுவுகிற தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் செய்வதைக் கவனித்தார். பிறகு விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய தகரத் தொட்டி, குறுக்கே நகர்த்த ஒரு தகரப்பட்டை, பரப்பு இழுவிசையை அளக்க ஒரு தராசு. பட்டையை நகர்த்தினால் பரப்பில் இருக்கிற அழுக்கை ஒருபக்கமாக ஒதுக்கிச் சுத்தமான பரப்பை எடுக்கலாம் என்று கண்டார். பத்து வருஷத்துக்கு மேல் இப்படி அளந்துவிட்டு, 1891 ஜனவரியில் இங்கிலாந்து இயற்பியலாளர் லார்ட் ராலேக்கு ஒரு கடிதம் எழுதினார். ராலே அதன் மொழிபெயர்ப்பை நேச்சர் இதழுக்கு அனுப்ப, மார்ச்சில் அச்சானது. இன்று பரப்பு வேதியியலில் எல்லோரும் லாங்மியர் தொட்டி என்கிறோமே, அதன் பாட்டி அந்தச் சமையலறைத் தகரம்தான். லாங்மியருக்கு 1932 இல் நோபல். அதே வருஷம் எழுபது வயதான ஆக்னஸுக்குப் பிரவுன்ஷ்வைக்கில் ஒரு கௌரவ டாக்டர் பட்டம்.

தம்பி பெயர் என் பெட்டிக்குள் நொடிக்கு ஆயிரம் தடவை கீச்சிடுகிறது. அக்காவின் பெயர் லேபில் எந்தக் கருவியிலும் ஒட்டியிருக்கவில்லை. நான் டேப்பில் எழுதி என் தட்டின் ஓரத்தில் ஒட்டினேன்.

பிடிபட்டது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். 2900 இல் வைத்துக்கொண்டு பெட்டியின் மூடியைத் திறந்தே விட்டுவிட்டேன், சாப்பிடப் போய்த் திரும்பினேன். எண்ணெய்க் கோடுகள் ஏறவே இல்லை! திறந்து கிடந்தால் லேபின் தூசியெல்லாம் விழுந்து இன்னும் மோசமாகத்தானே வேண்டும்? மூடினேன். பத்து நிமிஷத்தில் ஏற ஆரம்பித்தது. மூடும்போது வேறென்ன செய்கிறேன்? குழாயைத் திறந்து உலர்காற்று விடுகிறேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரமும் 3700 பக்கம் அகச்சிவப்பை உறிஞ்சும். அதனால் பெட்டியை மூடி உலர்காற்றை ஊதி ஈரத்தை வெளியே தள்ளுவோம். பெட்டிக்குள்ளேயே ஒரு தட்டுத் தண்ணீரைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றைக் காயவைக்கிற கூத்து அது, ஆனால் வேறு வழியில்லை. அந்தக் காற்று வருவது கட்டடத்தின் கம்ப்ரசரிலிருந்து. நடுவில் ஒரு ஃபில்டர். சுத்தத்துக்காக நான் ஊதினது அத்தனையும் என் தண்ணீர் மேல் எண்ணெயைத் தூவிக்கொண்டிருந்தது. ஈரம் போதாதென்று காற்றைக் கூட்டிவைத்த நாட்களில் ஊசி இன்னும் சீக்கிரம் சாய்ந்ததும் நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது.

எண்ணெய் எவ்வளவு வேண்டும் என்கிறீர்கள்? லண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, அது அரை ஏக்கர் தண்ணீரை அமைதியாக்கியதை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதியது 1774 இல் வெளிவந்தது. நம் கணக்கில் 50 சென்ட். 5 மில்லியை 2000 சதுர மீட்டருக்குப் பரப்பினால் கனம் இரண்டரை நானோமீட்டர், ஏறத்தாழ ஒரு மூலக்கூறின் உயரம். என் தட்டுக்கு அந்தக் கணக்கில் ஒரு சொட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

திரவ நைட்ரஜன் கொதித்து வரும் வாயுவுக்கு மாறினேன். 3700 க்குத் திரும்ப அரை நாள். உப்புத் தண்ணீர், ஒரு மணி நேரம். ஊசி அசையவில்லை. எட்டு ஸ்லைடையும் எடுத்துவிட்டேன் என்று குரூப்புக்கு மெயில் போட்டேன். ஜப்பானியர் மட்டும் ஒரு வரி பதில் எழுதினார்: அவருக்குத் தன் நாட்டில் இதே மாதிரி போனது இரண்டு மாதமாம்.

டெக்னீஷியன் ஃபில்டரைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய உருளை தேநீர் நிறத்தில் ஊறியிருந்தது. அடியில் தேங்கியிருந்ததை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்து எனக்கே தந்துவிட்டார்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் குரல் மாறியது. அதுவரை இருந்த கேலி போய், மில்லில் புது லோடு வந்தால் பேசுகிற குரல்.

"என்ன எண்ணெய்னு பாத்தியா கண்ணு?"

"கம்ப்ரசர் எண்ணெய்ங்கப்பா. சி-எச்2 கோடு பெருசா வருது, சங்கிலி நீளமா..."

"அது கெடக்குது. வாசம் எப்படி இருந்துச்சு?"

மூன்று வாரத்தில் அதை மட்டும் நான் செய்யவில்லை. மறுநாள் லேபுக்குப் போனதும் குப்பியைத் திறந்து மோந்து பார்த்தேன். அம்மாவின் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் வாசம், கூடவே கொஞ்சம் தீய்ந்த நாற்றம். போன் போட்டுச் சொன்னேன்.

"தீஞ்ச வாசம்னா மெஷின் சூடாகுது. ஃபில்டரை மாத்தினாப் பத்தாது, அதைப் பாக்கச் சொல்லு."

டெக்னீஷியனிடம் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை கம்ப்ரசரைத் திறக்கிறார்கள்.